மிச்சத் தகடு

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் ஒரு வெட்டி வேலையில் இருந்தேன். ஊரார் கைப்பேசியில் வைக்கும் ஸ்டேட்டஸ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை அலங்காரம் செய்யும் சிவகணேஷ் வைத்திருந்த படமும் வந்தது. என் தங்கை மகள் நிக்காஹுக்கு மேடை போட்டவன் அவன். படத்தில் டவுன் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேடை இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கப்போகிற இடத்தில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு தகடு, தகட்டுக்கும் கீழே விளக்கு. தகட்டில் வெட்டியிருந்த வளைவுகள் வழியாக வெளிச்சம் மேலே வந்துகொண்டிருந்தது. 'இன்று மாலை ஆறரைக்கு ரிசப்ஷன், நம்ம புது டிசைன்' என்று கீழே எழுதியிருந்தான்.

அழகாக இருக்கிறதே என்றுதான் விரலால் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் தெரிந்துவிட்டது. அந்த வளைவுகள் என்னுடையவை. அரபியில் 'ரே' என்ற எழுத்தின் வாலை நான் இழுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுப்பேன். எத்தனை முறை திருத்தியும் போகாத கெட்ட பழக்கம் அது. அந்த வால் அங்கே கிடந்தது. வேத வசனம் ஒன்று, அதாவது ஓர் ஆயத்து, முழுசாக, ஒரு புள்ளி விடாமல் தரையில் வெளிச்சமாகக் கிடந்தது. படத்தின் ஓரத்தில் யாருடைய செருப்புக் காலோ தெரிந்தது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் நூருல் ஹிதாயா. மேலப்பாளையத்தில் பெண்களுக்கான அரபிக் கல்லூரி ஒன்றில் மார்க்கக் கல்விக்கான ஆலிமா பட்டம் வாங்கி, அங்கேயே பாடம் நடத்துகிறேன். நாணல் பேனாவால் அரபி எழுதுவது என் பித்து. எங்கள் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, இமாம் நின்று தொழவைக்கும் மிஹ்ராபு மாடத்தின் மேலே ஓர் ஆயத்தைப் பதிக்க வேண்டும் என்று ஜமாஅத்தில் முடிவானது. செயலாளர் செய்யது மசூது என் எழுத்தைப் பார்த்துவிட்டு என்னையே எழுதச் சொன்னார். கமிட்டியில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். மார்க்கத்தில் தடை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆனாலும் பொம்பளை எழுத்தைப் பார்த்துக்கொண்டா தொழ நிற்க வேண்டும் என்று இழுத்தார்கள். மசூது மாமா மூன்று மாதம் பேசிப் பேசி அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை எழுத்துகள் சுவரேறின. எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்குத் தொழ இடமில்லை என்பதால், என் எழுத்து சுவரில் நிற்பதை நான் வீடியோவில்தான் பார்த்தேன். அன்றைக்கு நாலு தடவை அழுதேன்.

இப்போது யாராவது ஒருவர், அரபி வாசிக்கத் தெரிந்த யாராவது ஒரே ஒருவர், அந்த மேடையில் ஏறிக் கீழே பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சுவரில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒரே கை என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போட்டால் போதும். என் எழுத்து இறங்கிவிடும். அதை வெட்டிக்கொடுத்த வில்சன் கதி என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

வில்சன் உவரிக்காரன். வண்ணார்பேட்டையில் லேசர் இயந்திரம் வைத்து அக்ரிலிக் தகடுகளில் எழுத்து வெட்டுகிறான். மேலப்பாளையத்துக் கடைப் பலகைகளில் பாதி அவன் வெட்டியவை. இந்த வேலைக்கு முன்னால் அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். எனக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதும்போது கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டுதான் பேனாவைத் தொடுவேன் என்றேன். தாளைத் தரையில் வைக்க மாட்டேன், பிழையான தாளைக் குப்பையில் போட மாட்டேன், மை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் முருங்கை மூட்டில் ஊற்றுவேன் என்றேன். இதெல்லாம் ஆயத்துக்குக் காட்டும் அதபு, அதாவது மரியாதை, என்று விளக்கினேன். கமிட்டியில் ஒருவர் எழுத்துகளைப் பறவை உருவத்தில் அமைக்கலாமே என்று கேட்டதையும், உயிருள்ளதன் உருவம் தொழுமிடத்தில் கூடாது என்று நான் மறுத்ததையும் சொன்னேன். வில்சன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். ஆயத்தில் ஈசா நபியின் தாயார் மர்யமின் பேர் வருகிறது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தான். எங்கள் மாதாவா என்று கேட்டான். வெட்டுகிற அன்று குளித்துவிட்டு வந்து, பட்டறைச் சுவரில் இருந்த நடிகை காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தான். அன்றைக்குக் கருவாடுகூடத் தொடவில்லை என்று அவன் மனைவி கிரேஸி பிறகு என்னிடம் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தையும் வெள்ளைத் துணியில் சுற்றி, தலைக்கு மேலே தூக்கித்தான் வண்டியில் ஏற்றினான்.

எழுத்துகளுக்கு இத்தனை மரியாதை. எழுத்துகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய தகடு எங்கே போயிற்று என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

வில்சனைக் கூப்பிட்டேன். படத்தைப் பார்க்கச் சொன்னேன். அவன் பக்கம் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

"டீச்சர், எழுத்து எல்லாத்தையும் எண்ணித்தான கொடுத்தேன்?"

"எழுத்து சரி வில்சன். மிச்சத் தகட்ட என்ன செஞ்ச?"

"அத சிவகணேஷு கொண்டுட்டுப் போயிட்டான். மிச்சம் விழுந்தா எப்பவும் அவந்தான் எடுப்பான். அது ஓட்டதான டீச்சர்? எழுத்து நம்மகிட்டல்லா இருக்கு?"

அதற்கு நான் ஒரு மணி நேரம் வாதாட முடியும். வெற்றிடம் எழுத்தாகுமா, வாசிக்க முடிகிறதெல்லாம் வசனமாகுமா என்று கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பேசலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் உதடு தானாக அதை ஓதியது. அப்புறம் வாதம் எதற்கு? மண்டபத்துக்கு நேரே வந்துவிடு என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கொக்கிரகுளம் பாலத்தில் ஒரு பேருந்து பழுதாகி நின்றது. முன்னால் நகரவும் முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது. கீழே தாமிரபரணியில் ஆட்கள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. புர்காவுக்குள் வேர்த்து வழிந்தது. இருபது நிமிடம் அந்தப் பாலத்தின் மேல் நின்று, ஆறரைக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மண்டப வாசலில் இறங்கும்போது மணி நாலு ஐம்பது. வில்சன் எனக்கு முன்னாலேயே வந்து, கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே சிவகணேஷ் ஏணியில் நின்று பூச்சரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், எந்நேரமும் சிரித்த முகம். விஷயத்தைச் சொன்னதும் ஏணியிலிருந்து இறங்கினான். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று மூன்று முறை சொன்னான். அது எனக்கும் தெரியும். ஆனால் கோபம் யார் மேலாவது இறங்க வேண்டுமே. எத்தனையோ தகடு கிடக்கும்போது இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"அக்கா, வில்சன் அண்ணாச்சி பட்டறையில கிடக்க மத்த தகடெல்லாம் துண்டு துண்டா, கோணலும் மாணலுமா வெட்டுப்பட்டுக் கிடக்கும். அதெல்லாம் மேடைக்கு ஆவாது. இது ஒண்ணுதான் ஒரே வரிசையில, கோலம் கணக்கா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

நான் வில்சனைப் பார்த்தேன். வில்சன் தன் கால்களைப் பார்த்தான்.

நான் பாடம் எடுத்த அன்றைக்கே அவன் சொல்லியிருந்தான். எழுத்து வெட்டுகிறவர்கள் எல்லோரும் தகடு வீணாகாமல் இருக்க எழுத்துகளைக் கலைத்து, இதன் வயிற்றில் அது, அதன் இடுக்கில் இது என்று தலைகீழாகவும் பக்கவாட்டிலும் அடுக்கித்தான் வெட்டுவார்களாம். அப்படி அடுக்கினால் பாதித் தகட்டில் முடிந்துவிடும் டீச்சர் என்றான். நான்தான் முடியவே முடியாது என்றேன். இறைவன் வாக்கைத் தலைகீழாக நிறுத்துவதா, ஒரு சொல்லின் வயிற்றுக்குள் இன்னொரு சொல்லைத் திணிப்பதா, ஆயத்து எப்படி ஓதப்படுகிறதோ அப்படியே நேர்வரிசையில் வெட்டு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வில்சன் அவன் வழக்கப்படி வெட்டியிருந்தால் மிஞ்சிய தகட்டில் அர்த்தமில்லாத ஓட்டைகள்தான் இருந்திருக்கும். சிவகணேஷ் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். மரியாதை என்று நினைத்து நான் போட்ட கட்டளைதான் ஆயத்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டிருந்தது.

சிவகணேஷ் ஒரு வழி சொன்னான். விளக்கை அணைத்துவிட்டு, மேலே சிவப்புக் கம்பளத்தை விரித்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. காலையில் முதல் வேலையாகக் கழற்றித் தந்துவிடுவான். வில்சனுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது. ஆனால் கம்பளத்துக்கு மேலேயும் ஆயிரம் பேர் நிற்கத்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எப்படி வீட்டில் போய்ச் சோறு தின்பது? கழற்றித்தான் ஆகவேண்டும் என்றேன். பெண் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஓர் ஆணியைக்கூடத் தொட முடியாது என்று சிவகணேஷ் கையை விரித்தான்.

பெண்ணின் அப்பா கைலாசம், ஓய்வுபெற்ற தாசில்தார். பட்டு வேட்டியோடு சாப்பாட்டுக் கூடத்தில் இலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, மகள் சித்ரலேகா மேடைக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்றார். கழற்றச் சம்மதம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

"ஆனா ரெண்டு பேரு அறியத்தான் எடுக்கணும். நாளைக்கு எவனாவது, கைலாசம் வீட்டுக் கல்யாணத்துல மிதிச்சுட்டு மறைச்சுட்டாவன்னு சொல்லிரக் கூடாதுல்லா. உங்க செயலாளர் மசூது எனக்கு முப்பது வருசப் பழக்கம். அவருக்கு ஃபோனப் போடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என்ன காரணம் சொல்வது? யாருக்கும் தெரியாமல் எடுத்தால் என் எழுத்து சுவரில் நிற்கும் என்றா? அவர் சொன்னது முழு நியாயம். அரசாங்கத்தில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட மனிதர், தன் வீட்டையும் ஊரையும் காப்பாற்றத்தான் பார்க்கிறார். என்னைக் காப்பாற்றுவது அவர் வேலையில்லை. அவர் எண்ணைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மசூது மாமா வரும் வரை எதையும் தொடக் கூடாது என்று கைலாசம் சொல்லிவிட்டார். விளக்கை மட்டும் அணைக்க விட்டார். மேடைக்குப் போகும் படியில் வில்சன் நின்றுகொண்டு, பூக்கூடையோடு ஏறப்போன பெண்ணை மறித்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, கரண்டு அடிக்கிறது என்று பொய் சொன்னான். முதல் வரிசை நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சிறுமி செல்ஃபி எடுக்க மேடையைப் பார்த்து ஓடி வந்தாள். அவளை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஐந்தரை ஆனது, ஐந்தே முக்கால் ஆனது.

மசூது மாமா வந்தார். அறுபது வயது, ஒல்லியான ஆள், ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மேடைப் படியின் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஓரத்தில் நின்று, விளக்கை ஒரு முறை போடச் சொன்னார். போட்டார்கள். உதடு அசைய முழு ஆயத்தையும் வாசித்தார். அணைக்கச் சொன்னார். முதலில் இதை வெளியே எடுங்கள், மற்றது பிறகு என்றார்.

எடுப்பதில் அடுத்த சிக்கல் வந்தது. இரண்டு பெரிய கண்ணாடிகள் நடுவில் சேர்கிற இடத்தில் ஓர் அலுமினியப் பட்டை. அதில் எட்டுத் திருகாணிகள். ஓரத்தில் நின்று கைநீட்டினால் எட்டாது. யாராவது நடுவில் போக வேண்டும். சிவகணேஷ் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"காலையில இருந்து நானே பத்து தடவ இதுல நடந்திருக்கேன். தெரிஞ்ச பொறவு எப்படிக்கா காலத் தூக்கி வைக்க?"

வில்சனிடம் நீட்டினான். வில்சன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மாதா பேர் இருக்கிறதே என்று முணுமுணுத்தான். மசூது மாமா என்னைப் பார்த்தார். எழுதியவள் நான். நான்தான் போகவேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக் கைகழுவும் குழாயில் போய் ஒளு செய்துவிட்டு வந்தேன். இந்த அவசரத்திலும் இது தேவையா என்று கைலாசத்தின் முகம் கேட்டது. தேவைதான். அந்த நேரத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

முழங்காலும் கையும் ஊன்றிக் கண்ணாடி மேல் தவழ்ந்தேன். பாதம் படக்கூடாது என்று கால் விரல்களைத் தூக்கியே வைத்திருந்தேன். நாற்காலிகளில் பேச்சு நின்றுவிட்டது. கறுப்புப் புர்கா போட்ட ஒருத்தி கல்யாண மேடையில் தவழ்ந்து போவதை நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைப்பேசியைத் தூக்கினார்கள். கைலாசத்தின் மனைவி உலகம்மாள் மேடைக்கு முன்னால் வந்து, பட்டுச்சேலை முந்தானையை விரித்து இடுப்பில் கைவைத்து நின்றார். அவரைத் தாண்டி யாராலும் எடுக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மூன்றாவது திருகாணி சிக்கிக்கொண்டது. உள்ளங்கை வேர்வையில் திருப்புளி வழுக்கியது. கீழே இருட்டில் என் எழுத்தின் மேலேயே நான் மண்டியிட்டிருக்கிறேன் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிஸ்மில்லா சொல்லி மறுபடி அழுத்தியதும் திருகாணி சுழன்றது.

எட்டும் கழன்றன. கண்ணாடியைத் தூக்கி, தகட்டை வெளியே எடுத்தோம். கைலாசம் உறை பிரிக்காத வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்திக்கு வைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அதில் சுற்றி, நாலு பேர் தோள் உயரத்தில் தூக்கிப் பின்பக்க அறைக்குக் கொண்டுபோனோம். சிவகணேஷ் அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தகட்டைச் செருகிக் கண்ணாடியை மூடினான். அப்போது மணி ஆறு இருபது. மேளம் தொடங்கியது.

பின்பக்க அறையில் வாழைத்தார்களுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர். மசூது மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு ஜும்மா தொழுகைக்கு முன்னால் கமிட்டியில் இதைச் சொல்லியாக வேண்டும், வெளியாள் வாயிலாகத் தெரிந்தால் அசிங்கம் என்றார். இது எப்படி நடந்தது, யாருடைய தவறு என்று கேட்டார்.

"என் தப்புதாம் பாய்" என்றான் வில்சன். "மிச்சத்த நாந்தான் வெளிய விட்டேன். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை. மசூது மாமா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாரும்மா. வெட்டுனவரு தெரியாமச் செஞ்சுட்டாருன்னா, ஒரு மன்னிப்போட முடிஞ்சுரும். உன் எழுத்து அங்கனயே இருக்கும். உன் தப்புன்னு வந்துச்சுன்னா அந்த ரெண்டு பேரும் விட மாட்டாவ. என்னால நிப்பாட்ட முடியாது. யோசிச்சுச் சொல்லு."

அவர் என்ன சொல்லச் சொல்கிறார் என்பது தெளிவாகப் புரிந்தது. அவருக்கும் அந்த எழுத்து சுவரில் நிற்க வேண்டும். மூன்று மாதம் சண்டை போட்டவர் அவர். வில்சனே தலையை நீட்டுகிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அதுகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

சும்மா இருக்க எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பெண்ணின் கையும் எட்டாத சுவர் அது. நான் செத்த பிறகும் அங்கே இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும் என்று மாமா சொன்னாலும், வில்சனுக்கு அது மன்னிப்போடு முடியாது. மறுநாள் முதல் மேலப்பாளையத்தில் ஒரு கடைக்காரர்கூட அவன் பட்டறைப் படியேற மாட்டார். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொல்லியிருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வில்சன் பொய் சொல்லுதாரு மாமா. கலைச்சு வெட்டுதேன்னு அவரு சொன்னாரு. கூடாது, வரிசையா வெட்டுன்னு சொன்னது நான். அதபு அதபுன்னு அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்துட்டு, மிச்சத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லாதவளும் நாந்தான். இதையே கமிட்டியில சொல்லுங்க."

மசூது மாமா எழுந்தார். வாழைத்தார்களைப் பார்த்துக்கொண்டு, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கமிட்டி கூடியது. ஒன்பதரைக்கு முடிந்தது. எழுத்துகளை இறக்கிவிட வேண்டும், தகட்டோடு சேர்த்து மரியாதையாக அடக்கிவிட வேண்டும் என்று மாமா ஃபோனில் சொன்னார். குரல் வற்றியிருந்தது. இறக்குவதற்கு வில்சனையே வரச் சொன்னார்களாம். அவன் வெறுங்காலோடு ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றி, வெள்ளைத் துணியில் கட்டி, என் வீட்டுக்கே கொண்டுவந்தான்.

முந்தின இரவே மண்டபத்திலிருந்து கொண்டுவந்திருந்த தகட்டைக் கட்டில் மேல் கிடத்தினேன். அடக்குவதென்றால் துண்டு துண்டாகக் கிடக்க வேண்டாம் என்று, எழுத்துகளை எடுத்து அவை வெட்டப்பட்ட இடங்களிலேயே பொருத்தத் தொடங்கினேன். வில்சன் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொன்று உட்காரும்போதும் ஆயத்தில் ஒரு சொல் மறைந்தது. கடைசிப் புள்ளியையும் வைத்தபோது வசனமே இல்லை. லேசர் தின்ற முடியளவு கோடுகளைத் தவிர, வெறும் தங்க நிறத் தகடு. நான் எழுதவே இல்லை என்பதுபோல் இருந்தது. நான் அழுதேன். வில்சன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கைலாசம் கொடுத்த வேட்டியிலேயே அதைச் சுற்றினோம். மசூது மாமாவும் கமிட்டியில் இரண்டு பேரும் வந்து வாங்கிக்கொண்டார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால், இறந்தவர்களை அடக்கும் மையவாடியில், கபர்கள் இல்லாத மூலையில் குழி தோண்டியிருந்தார்கள். நானும் வில்சனும் மையவாடி வாசல் வரை கூடவே போனோம். அங்கே நின்றுவிட்டோம். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அவன் வேற்று மதத்தான்.

"நீங்க எழுதுனதுலா டீச்சர்? நீங்களும் உள்ள போகக் கூடாதா?"

கூடாது என்றேன். கம்பிக் கதவுக்கு வெளியே இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். உள்ளே மண் தள்ளும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபமாக வந்தது. எழுத்து இறங்கியதற்குக்கூட அவ்வளவு இல்லை. என் கையால் எழுதி, என் கையால் பொருத்தி, அதை மண்ணில் வைப்பதைப் பார்க்கக்கூட எனக்கு இடமில்லை என்பதற்குத்தான் அந்தக் கோபம்.

மசூது மாமா கையில் மண்ணோடு வெளியே வந்தார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். முடிந்தது, ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அவர் கதவைச் சாத்தப் போகும்போது கேட்டேன்.

"மாமா, எழுத்து மேல பாத்து இருக்குதா?"

"அது துணியிலல்லா சுத்தியிருந்துச்சு. எந்தப் பக்கம்னு யாரு பாத்தா?" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். கமிட்டிக்காரர் ஒருவர், இனி என்ன செய்ய முடியும், விடுங்கள் என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார், வில்சன் முகத்தைப் பார்த்தார். யாருடைய தவறு என்று நேற்று அந்த அறையில் எங்களைக் கேட்ட கேள்வி இப்போது அவர் முன்னால் நின்றது. எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. அவர் கதவை மறுபடி திறந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, தனியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் திரும்பவும் கேட்டது.